எக்ஸ்ஆர் கண்ணாடி கம்பெனிக்கு எதுக்கு? மொதல்ல இருந்து ஒரு விளக்கம்

விஆர், ஏஆர், எம்ஆர், எக்ஸ்ஆர்னு நாலு பேர் சுத்திக்கிட்டு இருக்கு, புதுசா பாக்கறவங்களுக்கு இதுலயே பாதி தெம்பு போயிடும், அதனால இதை சட்டுனு முடிச்சிடுவோம். விஆர்னா கண்ணை முழுசா மூடி வேற ஒரு இடத்துக்குள்ள கொண்டுபோய் விட்டுடும், நீங்க இருக்கற ரூம் தெரியாது. ஏஆர்னா ரூம் அப்படியே தெரியும், அதுக்கு மேல கொஞ்சம் எழுத்தோ அம்புக்குறியோ படமோ மெதக்கும். எம்ஆர்னா அந்தப் படம் சும்மா மெதக்காம ரூமோட ஒட்டிக்கும், மேஜை மேல ஒரு இன்ஜின் படத்தை வெச்சீங்கன்னா நீங்க சுத்தி நடந்தாலும் அது மேஜை மேலயே நிக்கும், பின்பக்கம் போனா பின்பக்கம் தெரியும். இது எல்லாத்துக்கும் சேத்து வெச்ச பொதுப் பேர் எக்ஸ்ஆர், அவ்வளவுதான்.

இப்ப வர்ற ஹெட்செட், அதாவது தலைல மாட்டற இந்தக் கருவி, பலதுல இந்த மூணையும் ஒரே மெஷின்லயே பண்ணலாம். அதனால கம்பெனிக்கு வாங்கலாமான்னு யோசிக்கறவங்க இது விஆரா ஏஆரான்னு மண்டைய உடைச்சுக்கறதுல பிரயோஜனம் இல்ல. கேக்க வேண்டியது வேற. வேலை செய்யறவரோட ரெண்டு கையும் வேலைல மாட்டியிருக்கா, அதே நேரத்துல அவர் எதையாவது படிச்சோ பாத்தோ தான் அடுத்த அடி எடுத்து வெக்க முடியுமா? இல்லன்னா, நிஜ மெஷின்ல பழக விட்டா ஆபத்தா, இல்ல செலவு தாங்காதா? இந்த ரெண்டுல ஒண்ணுக்காவது ஆமான்னு பதில் வந்தா மேல படிங்க. ரெண்டுமே இல்லன்னா லேப்டாப் போதும், காசை வேற எதுக்காவது செலவு பண்ணுங்க.

இதுக்கு எனக்குத் தெரிஞ்சு ரொம்ப நல்ல உதாரணம் போயிங். விமானத்துக்குள்ள வயரிங் ஹார்னஸ்னு ஒண்ணு ஓடும், நூத்துக்கணக்கான வயரை இந்த வயர் இந்த ஓட்டைக்குன்னு ஒவ்வொண்ணா கோத்து கட்டு கட்டா கட்டுவாங்க, ஒரு வயர் மாறினாலும் தலைவலி. பழைய முறைல பெரிய பெரிய பலகைல பாதை வரைஞ்சு வெச்சு அது மேல வயரைப் படுக்க வெப்பாங்க. 1990கள் ஆரம்பத்துல போயிங்ல வேலை பாத்த டாம் காடெல், டேவிட் மிசெல்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு யோசனை சொன்னாங்க, ஒவ்வொரு கட்டுக்கும் தனித்தனி பலகை எதுக்கு, ஒரே வெத்துப் பலகைய வெச்சுக்கிட்டு தொழிலாளி தலைல ஒரு டிஸ்ப்ளேவ மாட்டிவிட்டா பாதை அவர் கண்ணுக்கு மட்டும் பலகை மேல தெரியுமேன்னு. 1992ல இதைப் பத்தி கட்டுரையும் எழுதினாங்க. யோசனை பிரமாதம் தான், ஆனா தலை அசையறதுக்கு ஏத்த மாதிரி கோடு துல்லியமா அதே இடத்துல நிக்கணும்னா அந்தக் காலத்து கம்ப்யூட்டருக்கு அது ரொம்பக் கஷ்டம்.

கிட்டத்தட்ட இருபது வருஷம் கழிச்சு அதே வயரிங் வேலைக்கு போயிங் கூகுள் கிளாஸை எடுத்துச்சு. இங்க தான் சுவாரஸ்யம். கூகுள் கிளாஸ் பலகை மேல கோடெல்லாம் போடல. கண்ணோட ஓரத்துல ஒரு குட்டித் திரை, அதுல அடுத்த வயர் நம்பர் என்ன, எந்த ஓட்டைல போகணும்ங்கற தகவல் மட்டும். தொழிலாளி க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணிட்டு வாயால சொன்னா அடுத்த பக்கம் வரும். அதுக்கு முன்னாடி வரைக்கும் பக்கத்துல ஒரு லேப்டாப்பைத் தொறந்து வெச்சு பிடிஎஃப்ல தேடித் தேடிப் படிச்சிட்டு, தலையத் திருப்பி வயரைப் பாத்து, மறுபடியும் தலையத் திருப்பின்னு ஓடிக்கிட்டிருந்த வேலை அது. வேலை நேரம் 25 சதவீதம் கொறஞ்சுதுன்னு கணக்கு சொன்னாங்க. 1992ல கனவு கண்ட பெரிய ஏஆர் ஜெயிக்கல, ஒரு துண்டுச் சீட்டு அளவு தகவலை சரியான நேரத்துல கண்ணு முன்னாடி காட்டினது தான் ஜெயிச்சது. இந்த ஒரு விஷயம் மனசுல இருந்தா கடைல காட்டற பளபள டெமோ எதுலயும் ஏமாற மாட்டீங்க.

பார்சல் கம்பெனி டிஹெச்எல் கதையும் இதே மாதிரி தான். நெதர்லாந்துல பெர்கன் ஆப் ஸூம் ஊர்ல இருக்கற குடோன்ல 2015ல சோதனை பண்ணாங்க, எந்த அலமாரி, எந்தப் பொருள், எத்தனைன்னு கண்ணாடில தெரியும், கைல பேப்பரும் ஸ்கேனரும் வேண்டாம். அங்கயும் 25 சதவீதம் முன்னேற்றம்னு தான் சொன்னாங்க. ஆனா ஒண்ணு, இந்த மாதிரி நம்பர் எல்லாம் கண்ணாடி விக்கறவங்களும் வாங்கினவங்களும் சேந்து நடத்தின சோதனை ஓட்டத்துல வர்றது, புது பொம்மை கிடைச்ச உற்சாகத்துல முதல் மூணு வாரம் எல்லாரும் நல்லாவே வேலை செய்வாங்க. நம்பரை முழுசா தள்ள வேண்டாம், அப்படியே முழுங்கவும் வேண்டாம்.

சரி, படம் எப்படித் தெரியுதுன்னு பாப்போம், ஏன்னா வாங்கறப்ப நிஜமா வித்தியாசம் பண்றது இது தான். ரெண்டு வழி இருக்கு. முதல் வழில முன்னாடி நிஜ கண்ணாடியே இருக்கும், ஓரத்துல ஒரு குட்டி புரொஜெக்டர் ஒளியை கண்ணாடிக்குள்ள அனுப்பும், அந்த ஒளி கண்ணாடிக்குள்ளயே முட்டி முட்டிப் போய் உங்க கண்ணுக்கு நேரா வெளில வரும். இதுக்கு வேவ்கைட்னு பேரு. மைக்ரோசாஃப்டோட ஹோலோலென்ஸ், மேஜிக் லீப் எல்லாம் இப்படித் தான். ரெண்டாவது வழில முன்னாடி கண்ணாடியே கிடையாது, மூடின பெட்டி, வெளில கேமரா, உள்ள ஸ்க்ரீன், கேமரா பாக்கறதை ஸ்க்ரீன்ல உடனே உடனே காட்டும். இதுக்கு பாஸ்த்ரூ. மெட்டா க்வெஸ்ட் 3, ஆப்பிள் விஷன் ப்ரோ, சாம்சங் கேலக்ஸி எக்ஸ்ஆர் எல்லாம் இந்த வகை. விஷன் ப்ரோல கேமரா படம் கண்ணுக்கு வர 12 மில்லிசெகண்ட் தான் ஆகுதுன்னு ஆப்பிள் சொல்லுது, அதுக்குன்னே ஆர்1னு தனியா ஒரு சிப் வெச்சிருக்காங்க.

ரெண்டுலயும் குறை உண்டு. வேவ்கைட்ல ஒளியைக் கூட்ட மட்டும் தான் முடியும், இருட்டைக் காட்ட முடியாது, அதனால கறுப்பு நிறம்னு ஒண்ணு கிடையவே கிடையாது, கறுப்பா இருக்க வேண்டிய இடம் ஓட்டை மாதிரி பின்னாடி இருக்கறதைக் காட்டும், வெளி வெயில்ல போனா படம் மங்கிப் போயிடும். மேஜிக் லீப் 2ல இதுக்காகவே பின்னாடி வர்ற வெளிச்சத்தைக் கொறைக்கற வசதி வெச்சாங்க. இன்னொரு குறை, படம் தெரியற பரப்பு சின்னது. ஹோலோலென்ஸ் 2ல மூலைக்கு மூலை 52 டிகிரி, மேஜிக் லீப் 2ல 70 டிகிரி, அதைத் தாண்டினா படம் வெட்டுப்பட்டு நிக்கும். பாஸ்த்ரூல இந்தத் தொல்லையெல்லாம் இல்ல, கறுப்பு கறுப்பாவே இருக்கும், படமும் திடமா தெரியும். ஆனா பேட்டரி போச்சுன்னாலோ சாஃப்ட்வேர் தொங்கிடுச்சுன்னாலோ போட்டிருக்கறவருக்கு ஒண்ணுமே தெரியாது. டிசைன் ரூம்ல அது பரவாயில்ல, கழட்டி வெச்சிட்டு காபி குடிக்கப் போலாம். ஃபோர்க்லிஃப்ட் ஓடற ஃபேக்டரி ஷாப் ஃப்ளோர்ல, ஏணி மேல நிக்கறப்ப, அது விளையாட்டு இல்ல. ஓடற மெஷினுக்குப் பக்கத்துல நிக்கறவருக்கு மூடின ஹெட்செட்டை மாட்டிவிடவே கூடாதுங்கறது என் கட்சி, எவ்வளவு நல்ல கேமராவா இருந்தாலும் சரி.

அப்பறம் கனம். க்வெஸ்ட் 3 515 கிராம், ஹோலோலென்ஸ் 2 566 கிராம், முதல்ல வந்த விஷன் ப்ரோ பேட்டரி நீங்கலா 600 கிராமுக்கு மேல. பத்து நிமிஷ டெமோல இது தெரியாது. ஒரு ஷிஃப்ட் முழுக்கக் குனிஞ்சு நிமிந்து வேலை செய்யறவர் கழுத்துக்கு நல்லாவே தெரியும். கண்ணுக்கும் ஒரு சங்கடம் இருக்கு, நாம பக்கத்துல இருக்கற பொருளைப் பாத்தா ரெண்டு கண்ணும் உள்பக்கமா திரும்பும், கண் லென்ஸும் அந்தத் தூரத்துக்கு ஃபோகஸ் ஆகும், ரெண்டும் ஜோடியா நடக்கற வேலை. ஹெட்செட்ல ஃபோகஸ் தூரம் மாறவே மாறாது, ஹோலோலென்ஸ்ல அது 2 மீட்டர்னு ஃபிக்ஸ் பண்ணி வெச்சிருந்தாங்க. கைக்கெட்டற தூரத்துல ஒரு படத்தைக் காட்டினா கண்ணு உள்ள திரும்புது, ஃபோகஸ் மட்டும் 2 மீட்டர்லயே நிக்குது, ரெண்டுக்கும் நடுவுல மூளை மாட்டிக்கிட்டு முழிக்கும், கொஞ்ச நேரத்துல நெத்தி வலிக்கும். நல்ல ஆப் எழுதறவங்க எழுத்தையும் பட்டனையும் கொஞ்சம் தள்ளி வெக்கறது இதனால தான்.

இந்தக் கனமும் கண் வலியும் தாங்காத இடத்துல தான் ரியல்வேர் மாதிரி கம்பெனிங்க பொழைக்கறாங்க. அவங்க மெஷினைப் பாத்தா யாருக்கும் ஆச்சரியமே வராது, சேஃப்டி ஹெல்மெட்ல மாட்டற, கை மாதிரி நீட்டிக்கிட்டிருக்கற ஒரு தண்டு, அந்தத் தண்டு முனைல கண்ணுக்குக் கீழ ஒரு குட்டித் திரை, அவ்வளவுதான், 3டி இல்ல, மெதக்கற படம் இல்ல. தேவைப்பட்டா கீழ பாக்கணும், இல்லன்னா அது கண்ணை மறைக்காது. எல்லாம் வாயால சொல்ற கட்டளை, மெஷின் சத்தத்துலயும் கேக்கற மாதிரி மைக், க்ளவுஸைக் கழட்ட வேண்டாம். எரிவாயு கசிஞ்சா வெடிக்கற இடங்களுக்குன்னு தீப்பொறி வராத தனி மாடலே வெச்சிருக்காங்க. இதோட முக்கிய வேலை தூரத்துல இருக்கற எக்ஸ்பர்ட்டுக்கு இங்க இருக்கறவர் பாக்கறதைக் காட்டறது. ஜெர்மனில இருந்து மெஷின் வாங்கின கம்பெனிக்கு அது பழுதானா ஜெர்மன்காரர் ஃப்ளைட் ஏறி வர்ற வரைக்கும் லைன் நிக்கும், இதுல அவர் அங்க இருந்தே பாத்து அந்த வால்வைத் திருப்புன்னு சொல்லுவார். 2020ல கொரோனா வந்து பயணம் எல்லாம் நின்னப்ப இந்த வகை கண்ணாடிக்கு வேலை வந்தது இப்படித் தான்.

புதுசுல எனக்குப் பிடிச்சது அமேசான் 2025 அக்டோபர்ல காட்டின டெலிவரி டிரைவர் கண்ணாடி. வேனை நிறுத்தினதும் தானா ஆன் ஆகும், பின்னாடி குவிஞ்சு கெடக்கற பார்சல்ல இந்த வீட்டுக்கு எதுன்னு காட்டும், நடந்து போக வழி காட்டும், கதவுகிட்ட வெச்சதும் அத்தாட்சி ஃபோட்டோவும் அதுலயே எடுத்துக்கும். பேட்டரியும் பட்டனும் போட்டிருக்கற வெஸ்ட்ல இருக்கு, பேட்டரி தீந்தா மாத்திக்கலாம், ஆபத்துன்னா அமுக்க ஒரு பட்டனும் உண்டு. போயிங் வயர் கதையே தான் இதுவும், கை நெறைய பார்சல், கண்ணுக்கு ரெண்டு வரி தகவல். அது டிரைவரை நிமிஷத்துக்கு நிமிஷம் கண்காணிக்கவும் வழி தானேன்னு ஒரு கேள்வி இருக்கு, நியாயமான கேள்வி, கண்ணுல கேமராவை மாட்டிக்கிட்டு வேலை செய்யச் சொல்ற எந்தக் கம்பெனியும் அந்த வீடியோ எங்க போகுது யார் பாப்பாங்கன்னு தொழிலாளிகிட்ட எழுத்துல சொல்லியாகணும்.

ட்ரெயினிங் பக்கம் வந்தா மூடின ஹெட்செட்டுக்கு மரியாதை. வால்மார்ட் 2018ல 17,000 ஆக்குலஸ் கோ ஹெட்செட்டை அமெரிக்கா முழுக்க இருக்கற கடைகளுக்கு அனுப்புச்சு, ஆன்லைன் ஆர்டரை எடுத்துக் குடுக்கற பிக்அப் டவர் மெஷினுக்கு 8 மணி நேரம் ஆன ட்ரெயினிங் 15 நிமிஷத்துக்கு வந்துடுச்சுன்னு சொன்னாங்க. அதை விட கனமான உதாரணம் ஹெலிகாப்டர். ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பான ஈயாசா 2021ல முதல் முறையா ஒரு விஆர் சிமுலேட்டருக்கு சான்றிதழ் குடுத்துச்சு, சுவிட்சர்லாந்து கம்பெனி பண்ணின ராபின்சன் ஆர்22 ஹெலிகாப்டர் சிமுலேட்டர் அது. அதுல ஓட்டிப் பழகற நேரத்தை ட்ரெயினிங் கணக்குல சேத்துக்கலாம். உக்கார்ற சீட் நிஜமாவே ஆடும், கண்ணு பாக்கற அசைவும் உடம்பு உணர்ற அசைவும் ஒத்துப் போகும், விஆர்ல பலருக்கு வாந்தி வர்ற மாதிரி இருக்கறதுக்குக் காரணமே அது ரெண்டும் ஒத்துப் போகாதது தான். இன்ஜின் நின்னு போனா என்ன பண்றதுன்னு நிஜ ஹெலிகாப்டர்ல பழகறது உயிரோட விளையாடற சமாச்சாரம், இங்க எத்தனை தடவை வேணா விழலாம்.

ஆனா மீட்டிங்? அது மட்டும் எடுபடவே இல்ல. 2021ல மெட்டா ஹொரைஸன் வொர்க்ரூம்ஸ்னு கொண்டு வந்தாங்க, ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு கார்ட்டூன் உருவத்துல மேஜைய சுத்தி உக்காந்து பேசலாம்னு, அதுவும் இடுப்புக்குக் கீழ உடம்பே இல்லாத கார்ட்டூன். 2022ல க்வெஸ்ட் ப்ரோவை 1,499 டாலருக்கு ஆபீஸ்காரங்களுக்குன்னே விட்டாங்க, அடுத்த வருஷமே விலையை 999 ஆக்கிட்டாங்க, அப்பறம் அந்த மாடலே போச்சு. வொர்க்ரூம்ஸையும் 2026 பிப்ரவரியோட மூடறோம்னு சொல்லிட்டாங்க. யோசிச்சுப் பாத்தா காரணம் சாதாரணம், மீட்டிங்ல யாருக்கும் கை வேலைல மாட்டியிருக்கல, ஆபத்தும் இல்ல. வீடியோ கால்ல முடியற பேச்சுக்கு அரை கிலோவை தலைல எவன் சுமப்பான்.

புதுசா வர்றவங்க கவனிக்காம விட்டுடற ஒரு ரிஸ்க் இருக்கு, மெஷின் பண்றவங்களே பாதில கடையக் கட்டறது. பட்டியலைப் பாருங்க. வால்மார்ட் வாங்கின அதே ஆக்குலஸ் கோ 2020லயே விற்பனை முடிஞ்சது. கூகுள் கிளாஸ் தெருவுல கேலிக்கு ஆளாகி, ஃபேக்டரில நல்ல பேர் வாங்கி, 2019ல 999 டாலருக்கு கம்பெனிகளுக்குன்னே பண்ணின ரெண்டாவது மாடல் வரைக்கும் வந்து, 2023 மார்ச்ல நின்னு போச்சு. மைக்ரோசாஃப்ட் 3,500 டாலருக்கு வித்த ஹோலோலென்ஸ் 2 உற்பத்திய 2024 அக்டோபர்ல நிறுத்திட்டாங்க, பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2027 கடைசி வரைக்கும். அமெரிக்க ராணுவத்துக்காக மைக்ரோசாஃப்ட் எடுத்த பெரிய ஹெட்செட் திட்டம் கூட 2025ல ஆண்டுரில் கம்பெனி கைக்குப் போயிடுச்சு. ஹெட்செட் விலை மூணு லட்சம்னா அதுக்குள்ள ஓடற ட்ரெயினிங் ஆப்பைப் பண்ண அதை விடப் பல மடங்கு செலவாகும், மெஷின் செத்தா அந்த ஆப்பும் சேந்து சாகக் கூடாது.

அதுக்கு இருக்கற மருந்து ஓபன்எக்ஸ்ஆர்னு ஒரு பொது ஸ்டாண்டர்ட். க்ரோனோஸ்ங்கற அமைப்பு 2019ல முதல் வெர்ஷனை விட்டாங்க. இதை நம்பி எழுதின ஆப்பை ஒரு கம்பெனி ஹெட்செட்ல இருந்து இன்னொண்ணுக்கு கொஞ்ச வேலையோட மாத்திக்கலாம், மெட்டாவும் ஏத்துக்கிட்டாங்க, கூகுளோட ஆண்ட்ராய்டு எக்ஸ்ஆரும் ஏத்துக்கிச்சு. ஆப்பிள் மட்டும் தன் வழி தனி வழின்னு இருக்காங்க. ஆப் பண்ணித் தர்ற ஏஜென்சிகிட்ட முதல் நாளே இதைக் கேளுங்க, 3டி மாடல் ஃபைல் எல்லாம் யாருக்குச் சொந்தம்னும் கேளுங்க, நெறைய பேர் கேக்க மறந்துட்டு பின்னாடி மாட்டிக்கறாங்க.

கேமரா சமாச்சாரமும் உண்டு. ஹெட்செட்ல ஆறேழு கேமரா இருக்கும், ஆனா அந்தக் கேமரா பாக்கறதை ஆப்புக்குக் குடுக்காம ரொம்ப நாள் பூட்டி வெச்சிருந்தாங்க, பிரைவசிக்காக. அதனால ஒரு பார்கோடு படிக்கக் கூட ஆப்பால முடியாத கொடுமை. ஆப்பிள் 2024ல கம்பெனிகளுக்கு மட்டும் தனி அனுமதியோட தொறந்து விட்டாங்க, மெட்டா 2025ல டெவலப்பர்களுக்குத் தொறந்தாங்க. ஒரு பார்ட்டைப் பாத்ததும் இது என்ன, சரியா மாட்டியிருக்கான்னு ஏஐ சொல்ற ஆப் எல்லாம் இப்ப முளைக்கறதுக்கு இந்தத் தொறப்பு ஒரு முக்கியக் காரணம்.

இனி வர்றது எதுன்னு கேட்டா, காத்து ரெண்டு பக்கமா அடிக்குது. ஒரு பக்கம் சாம்சங் 2025 அக்டோபர்ல 1,799 டாலருக்கு விட்ட கேலக்ஸி எக்ஸ்ஆர், ஆண்ட்ராய்டு எக்ஸ்ஆர் ஓடற முதல் ஹெட்செட், விஷன் ப்ரோ விலைல பாதி தான். இன்னொரு பக்கம் சாதாரண மூக்குக் கண்ணாடி மாதிரியே இருக்கற வகை. ரே-பேன் மெட்டா இந்தியாவுக்கு 2025 மே மாசம் 29,900 ரூபாய்ல இருந்து வந்துச்சு, அதுல திரை கிடையாது, கேமராவும் ஸ்பீக்கரும் ஏஐயும் தான். அதே வருஷம் செப்டம்பர்ல அமெரிக்கால 799 டாலருக்கு வந்த மெட்டா ரே-பேன் டிஸ்ப்ளேல ஒரு கண்ணுக்கு மட்டும் சின்னத் திரை இருக்கு, கூடவே ஒரு கைப்பட்டை, விரலை லேசா அசைச்சா மணிக்கட்டுல ஓடற தசை மின்சாரத்தைப் படிச்சு அதைக் கட்டளையா எடுத்துக்கும். 69 கிராம் தான், கழுத்துக்குப் பாரமா இருக்காது. இதெல்லாம் கடைல வாங்கறவங்களுக்குன்னு பண்ணினது, கம்பெனி ஐடி டிபார்ட்மென்ட் கட்டுப்படுத்தற வசதி, தூசு தண்ணிக்குத் தாங்கற உடம்பு, சேஃப்டி சான்று எல்லாம் இன்னும் ரியல்வேர், வியூசிக்ஸ் மாதிரி தொழிலுக்குன்னே பண்றவங்ககிட்ட தான். ஆனா ஓரத்துல சின்னத் திரைங்கற அந்த கூகுள் கிளாஸ் யோசனை தான் திரும்பி வந்திருக்குன்னு பாத்தாலே புரியும்.

உங்க கம்பெனில இதை ஆரம்பிக்கணும்னா நூறு வாங்காதீங்க, ரெண்டு மூணு வாங்குங்க, ஒரே ஒரு வேலைய எடுங்க, தப்பு அதிகமா நடக்கற வேலையா இருந்தா நல்லது. கண்ணாடி வர்றதுக்கு முன்னாடியே அந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகுது, எத்தனை தப்பு வருதுன்னு எழுதி வெச்சுக்கோங்க, இல்லன்னா பின்னாடி முன்னேறிச்சான்னு சொல்ல வழியே இல்ல. ஷாப் ஃப்ளோர்ல வைஃபை எட்டுதான்னு பாருங்க, இது சின்ன விஷயமா தெரியும், இரும்பு ஷெட்டுக்குள்ள முதல்ல காலை வாரறது அது தான். ஒரே ஹெட்செட்டை பல பேர் மாத்தி மாத்திப் போட்டா முகம் படற மெத்தைல நம்ம ஊர் வேர்வைக்கு ஒரு வாரத்துல நாத்தம் வந்துடும், துடைக்கற மாதிரி சிலிக்கான் உறை தனியா வாங்குங்க. பவர் கிளாஸ் போடறவங்க எத்தனை பேர்னு கணக்கெடுங்க, சில ஹெட்செட்ல கண்ணாடியோடவே மாட்டலாம், விஷன் ப்ரோல முடியாது, ஒவ்வொருத்தர் பவருக்கும் தனி லென்ஸ் வாங்கி ஒட்டணும், அந்தச் செலவு கொட்டேஷன்ல வராது.

டெமோவுக்கு வர்ற சேல்ஸ்காரர் கைல ஹெட்செட்டை வாங்கினதும் அவர் காட்டற டைனோசரையெல்லாம் பாத்துட்டு திருப்பிக் குடுத்துடாதீங்க. அந்த வேலைய நிஜமா செய்யற ஆளைக் கூப்பிட்டு, அவர் க்ளவுஸோட, அவர் ஹெல்மெட்டோட, அவர் மெஷின் பக்கத்துலயே, ஒரு முக்கால் மணி நேரம் விடாம போட்டுக்கிட்டு வேலை செய்யச் சொல்லுங்க. கழட்டினதும் அவர்கிட்ட கேளுங்க, மேனேஜர்கிட்ட இல்ல.